கோமதி மாமியோடு மூணு சீட்டு

“அவர் சீட்டைப் பார்க்காமலே பத்து வைப்பாராம். நான் பார்த்துட்ட பாவத்துக்கு இருபது வைக்கணுமாம். இது என்ன நியாயம், நளினி? நீங்கதானே அம்பயர், கேளுங்களேன்.”

சீட்டு மேஜைக்கு அம்பயராக இருப்பது கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பதைப் போன்றது: சாப்பாடு இறங்கியவர்கள் எழுந்து போய்விடுவார்கள், உப்பு போதாதவர்கள் மட்டும் நம்மைத் தேடி வருவார்கள். மாதர் சங்கம், கோலப் போட்டி என்று எதிலாவது மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எழுபதுகளில் தி.நகர் லேடீஸ் கிளப்பில் சில வருஷம் இந்த வேலை என் தலையில் இருந்தது. கான்வென்ட்டில் படித்தவள், விதியைச் சத்தமாக வாசிப்பாள் என்பதைத் தவிர என்னிடம் யாரும் வேறு தகுதி எதிர்பார்க்கவில்லை.

தெரியாதவர்களுக்காக ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு மூன்று சீட்டு. காசு கிடையாது, புளியங்கொட்டைதான். காசு வைத்தால் போலீஸ் வரும், கொட்டைக்கு எறும்புகூட வராது. ஒவ்வொரு கைக்கும் முதலில் எல்லாரும் ஒரு கொட்டை நடுவில் போட வேண்டும். சீட்டைப் பார்க்காமலே பந்தயம் ஏற்றலாம். பார்த்தவள் அதற்கு இரண்டு மடங்கு வைக்க வேண்டும். பிடிக்காதவள் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். இருவர் மிஞ்சினால் ஒருத்தி மற்றவளைக் காட்டச் சொல்லலாம். ஒற்றைச் சீட்டு எவ்வளவு பெரிதானாலும் ஜோடிக்குத் தோற்கும், ஜோடி ஒரே ஜாதி மூன்றுக்குத் தோற்கும். கொட்டை தீர்ந்தவள் டீ குடிக்கப் போகலாம். வருஷப் போட்டியில் கடைசிவரை மிஞ்சுகிறவளைக் கிளப் தன் செலவில் இரண்டு நாள் பெங்களூருக்கு அனுப்பும், அங்குள்ள கிளப்போடு ஆட.

பார்க்காதவர்

கோமதி மாமி மயிலாப்பூர். அறுபதைத் தாண்டியவர். சீட்டுப் போட்டு முடிக்குமுன் கொட்டையை நகர்த்திவிடுவார். ஐந்து, பத்து, பதினைந்து என்று அவர் ஏற்றுகிற வேகத்தில் நல்ல சீட்டு வைத்திருப்பவளுக்கும் தன் சீட்டின் மேல் சந்தேகம் வந்துவிடும். பாதிப் பேர் கவிழ்ப்பார்கள். மாமி நடுவில் இருப்பதை வழித்துக்கொள்வார். அவர் கையில் என்ன இருந்தது என்று அவருக்கே தெரியாது.

ஒரு தரமாவது எடுத்துப் பார்க்கக் கூடாதா என்று கேட்டேன். “பார்த்தா பயம் வரும்டி. அதை அவாளே படட்டும்” என்றார்.

டாக்டர் வீட்டுக் கோபம்

மேலே நியாயம் கேட்டவர் பிரேமா. அடையாற்றில் டாக்டரின் மனைவி. விதியை மாற்ற முடியாது என்று நான் சொன்னதும் முகம் சிவந்துவிட்டது. அடுத்த கையிலிருந்து மாமி பத்து வைத்தால் இவர் இருபது, மாமி இருபது வைத்தால் இவர் நாற்பது. கையில் இருந்ததோ ஒரு ராஜாவும் இரண்டு உதவாக்கரைகளும். முதல் டீ வருவதற்குள் இவர் முன்னால் மேஜை துடைத்த மாதிரி இருந்தது.

மற்ற ஐந்து பேரிடமும் ஆடியிருக்கலாமே, மாமியை விட்டிருக்கலாமே என்றேன். கைப்பையை எடுத்துக்கொண்டே சொன்னார்: “நான் ஜெயிக்க வரலை, நளினி. அந்த அம்மாவைத் தோற்கடிக்க வந்தேன்.”

கடையைச் சாத்தியவர்

தெய்வானை அக்கா திருநெல்வேலிக்காரர். பனகல் பார்க் பக்கம் அவர்களுக்குப் புடவைக் கடை. மாமி ஏற்றும்போதெல்லாம் பேசாமல் கவிழ்த்துவிடுவார். “அவுக வெலைய ஏத்திக்கிட்டே போகட்டும். நான் கடையச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கேன்” என்பார். ஒரு தரம் மூன்றும் ஒரே ஜாதியாக ஹார்ட்டீன் வந்தது. அப்போதும் முகத்தில் ஒன்றும் காட்டாமல், குறைந்தபட்சம் எவ்வளவோ அவ்வளவே வைத்துக்கொண்டு போய், மாமி தாமாகக் குவித்ததை எல்லாம் அள்ளினார். இதுதான் சரியான ஆட்டம் என்று நினைத்தேன்.

அக்காவும் அப்படித்தான் நினைத்துவிட்டார். அடுத்த ஹார்ட்டீனுக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. கைக்கு ஒன்றாகப் போட்ட கொட்டையே கரையானாக அரித்துவிட்டது. எழுந்திருக்கும்போது கோபமே இல்லை. “யாவாரத்துல நட்டமில்ல, நளினியம்மா. வாடகை குடுத்தே கடை தீந்துட்டு.”

கேட்காதவள்

மீதி இருந்தது வசந்தா, கோமதி மாமியின் மருமகள். மாமியாரை ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவாள். இருவரும் ஒரே ரிக்‌ஷாவில் வருவார்கள், ஒரே ரிக்‌ஷாவில் போவார்கள். வசந்தாவைப் பெற்றவள் பெங்களூரில், மல்லேஸ்வரத்தில் இருந்தாள். கண் ஆபரேஷன் ஆகி, தனியாக. இரண்டு வருஷமாக வசந்தா போய்ப் பார்க்கவில்லை. கேட்கும்போதெல்லாம் வீட்டில் ஒரு நோன்போ ஒரு விருந்தாளியோ முளைத்துவிடும். கிளப் அனுப்பினால் மாமி மறுக்க மாட்டார். கிளப் மானம் அவருக்குக் குல மானத்தைவிட ஒரு படி மேல்.

அந்தப் பெண் அன்றைக்கு ஒரு கையில் மாமியோடு தனியாக மிஞ்சியும், ராணி ஜோடியை வைத்துக்கொண்டு கவிழ்த்தாள். பின்னால் நின்ற நான் பார்த்தேன். பொறுமை எனக்கு என்றுமே கிடையாது. வராந்தாவில் பிடித்துக்கொண்டு, காட்டச் சொன்னால் என்ன, வாயில் கொழுக்கட்டையா என்றேன். அம்பயர் கேட்கக் கூடாத கேள்விதான்.

“ஆத்துல அம்மாகிட்ட அதை எடுங்கோ, இதைக் காட்டுங்கோன்னு கேட்டதே இல்லை, மாமி” என்றாள். “நாக்கு எழும்பலை.”

கடைசிக் கை

அடுத்த புதன்கிழமை மேஜையில் அவர்கள் இருவர் மட்டும். சுற்றிலும் கிளப் முழுக்க. மாமி வழக்கம்போல் பார்க்காமல் ஐந்து வைத்தார். வசந்தாவும் பார்க்காமல் ஐந்து வைத்தாள். மாமி பத்து, அவளும் பத்து.

“ஏண்டி, சீட்டைப் பார்க்கலையா?”

“நீங்களும் பார்க்கலையேம்மா.”

டீத் தட்டோடு நின்ற சைதாப்பேட்டை ஆயா, “ரெண்டு பேரும் பாக்காமலே ஆடிகினு கீறாங்கோ. அப்ப சீட்டு இன்னாத்துக்கு?” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. மாமி இன்னும் இரண்டு தரம் ஏற்றினார், வசந்தா இரண்டு தரமும் கூடவே போனாள். பிறகு மாமி, நான் பார்த்தவரை முதல் தடவையாக, சீட்டைக் கையில் எடுத்தார். பார்த்தார். தம்மிடம் இருந்த கொட்டை அத்தனையும் நடுவில் தள்ளினார். வழக்கமாக எதிராளி எழுந்து போகிற இடம் அது.

வசந்தா தன்னுடையதை எடுத்துப் பார்த்தாள். அதே அளவு எண்ணி வைத்தாள். எண்ணிக்கை தப்பவில்லை.

“காட்டுங்கோம்மா” என்றாள்.

மாமியிடம் ஒரு ஆஸ், அதற்குத் துணையாக ஒன்றுமில்லை. வசந்தாவிடம் ஒன்பது ஜோடி. நான் விதிப்படி, சத்தமாக, வசந்தா பெயரைச் சொன்னேன். பெங்களூர் போகும் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் எத்தனை மணிக்கு என்று யாரோ கேட்டார்கள். வசந்தா ஏற்கெனவே தெரிந்து வைத்திருந்தாள்.

அடாவடி ஆட்டக்காரரிடம் பிழைக்க நான் கண்ட ஒரே வழி, அவர் இருப்பதையெல்லாம் இறைக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருந்து, பிறகு ஒரே ஒரு தடவை திறப்பது.

மாமி வெறும் மேஜையைத் தடவிக்கொண்டிருந்தார். “ஏண்டி நளினி, கலைச்சு இன்னும் ஒரே ஒரு கை போடேன்” என்றார்.