திருமயம் போகாத நாள்

இது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முன், தை மாதக் கடைசியில். புதுக்கோட்டையிலேயே குடியிருந்தும் சித்தன்னவாசலைப் பார்க்காத ஜென்மங்கள் நாங்கள். பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் வயதாகியும், நானும் என் கணவரும் சேர்ந்து போனது கோயில், கல்யாணம், துக்க வீடு, அவ்வளவுதான். அவர் சவூதியில் டிரைலர் ஓட்டுபவர். லீவில் வந்தால் வீட்டு வேலை, உறவுக்காரர் விருந்து என்று நாள் ஓடிவிடும்.

அந்த முறை லீவுக்கு நாள் இருக்கும்போதே வந்து நின்றார். வந்ததும் வராததுமாக, "நம்ம ஊரச் சுத்தி இருக்கிற எடத்தையெல்லாம் ரெண்டு பேருமாப் போயிப் பாத்துட்டு வருவோம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. குடுமியான்மலை, சித்தன்னவாசல், திருமயம் கோட்டை, ஆவுடையார்கோயில் என்று வரிசையும் அவரே சொன்னார். இதில் வேடிக்கை என்னவென்றால், என் ஸ்கூட்டியை என்னையே ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். "அம்மாம் பெரிய வண்டி ஓட்டுற மனுசன், பொண்டாட்டிக்குப் பின்னாடி உக்காந்து போறதப் பாரு" என்று எதிர்வீட்டு அக்கா கிண்டலடித்தார். நான் பூரித்துப்போனேன்.

குடுமியான்மலையில் சிலைகளின் விரல், நகம், கழுத்து மணி என்று ஒவ்வொன்றாகக் கையால் தடவிக்கொண்டே இருந்தார். "போதும் வாங்க, சிலைக்கே கூச்சம் வந்துரும்" என்றேன். சிரித்துக்கொண்டே வந்தார்.

அங்கிருந்து சித்தன்னவாசல். வெளியூர்க் குடும்பம் ஒன்றும் எங்களோடு குகைக்கோயிலுக்குள் நுழைந்தது. வெயிலில் இருந்து உள்ளே போனதும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அங்கிருந்த காவலாளி மேற்கூரை ஓவியத்தைக் காட்டினார். நிறைய இடத்தில் வண்ணம் உதிர்ந்துவிட்டது, மிச்சமும் மங்கித்தான் கிடக்கிறது. "ஒண்ணுமே தெரியலையே, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று அந்தக் குடும்பத்துப் பெரியம்மா அலுத்துக்கொண்டார். உற்று உற்றுப் பார்த்த பிறகுதான் எனக்கே ஒரு தாமரை இலை பிடிபட்டது.

"நல்லாத் தெரியுதே! தாமரையும் மீனும், எம்புட்டு அழகு!"

சொன்னது என் கணவர். கேலி செய்யலாம் என்று திரும்பினேன். எல்லோரும் அண்ணாந்து நிற்க, அவர் மட்டும் பக்கத்துச் சுவரைப் பார்த்து நின்றார். அது வெறும் பாறை. கண்களை அகல விரித்து அந்தப் பாறையைத்தான் அழகு அழகு என்று சொல்லிக்கொண்டிருந்தார். தாமரையும் மீனும் நாங்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதானே.

அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். குகைவாசல் படியைக் காலால் துழாவித் துழாவித்தான் இறங்கினார். மர நிழலில் உட்காரவைத்து, "ஏங்க, உண்மையச் சொல்லுங்க" என்றேன்.

"கம்பெனியில கண் டெஸ்ட்டுல கழிச்சு அனுப்பிட்டாங்க. நரம்பு காஞ்சுக்கிட்டே வருதாம். போன பார்வை திரும்பாதாம்" என்றார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா இழுப்ப. அதுக்கு முன்னாடி ஒன்னோட நாலு எடத்தப் பாத்துடணும்னு இருந்துச்சு. இருட்டுலதான் ஒண்ணும் தெரியல. வெயில்ல இன்னும் தெரியுது புள்ள. திருமயம் போயிருவோம். கோட்டைய மட்டுமாச்சும் பாத்துக்கிறேன்."

நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். கண்ணே போகிறது, கோட்டை எதற்கு என்று கத்தினேன். அவர் எழுந்து வந்து பின்னால் உட்கார்ந்துகொண்டார். வண்டியை நேராக வீட்டுக்குத் திருப்பினேன்.

மறுநாளே மதுரை. பிறகு திருச்சி, கோயம்புத்தூர். ஒருவர் முடியாது என்றால் இன்னொருவர். எவ்வளவு பெரிய டாக்டரும், மர நிழலில் அவர் சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னார். நான் விடவில்லை. என் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கலாம். அந்த அலைச்சலிலேயே மழைக்காலம் வந்தது. கார்த்திகைக்குள் வெயிலும் அவருக்கு இருட்டாகிவிட்டது.

அதைப் பற்றி அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. சாப்பாட்டுத் தட்டைக் கையில் எடுத்துக் கொடுக்கும்போது என் குரல் வந்த பக்கம் பார்த்துச் சிரிக்கிறார். கொஞ்ச நாள் முன்பு, "கண்ண மூடினா ஒன் மொகம்தான் வருது" என்றார். எந்த முகம் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. பார்வை இருந்த கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் அழாத நாளே இல்லை. ஒரு கோட்டையைப் பார்க்க ஆசைப்பட்ட மனிதருக்கு, காலம் முழுவதும் வைத்துக்கொள்ள அந்த அழுத முகத்தைத்தான் கொடுத்திருக்கிறேன்.