மழையில் ஒரு கோல் கீப்பரின் முகம்

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தைக் கடற்கரையில் கொட்டுகிற மழையில் நின்று, பெடியன்கள் கிரிக்கெட் விளையாடுவதைப் போனில் படம் பிடித்தீர்கள். நான் குடையோடு ஓடி வந்து கத்தினேன். "அப்பா, இதைத் தண்ணிக்குள்ள போட்டாலும் ஒண்டும் செய்யாது" என்று சின்னவள் சொன்னாள். மூத்தவன் வீட்டுக்கு வந்து போனைக் குழாய்க்குக் கீழே பிடித்தும் காட்டினான். எனக்குக் கோபம் உங்களில் இல்லை. மழையும் விளையாட்டும் கெமராவும் ஒரே இடத்தில் சேர்ந்தால் எனக்கு இன்றைக்கும் விசர் வரும். ஏன் என்று எழுதி வைக்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

அது சண்டைக் காலம். எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் இன்னும் கல்யாணம் ஆகவில்லை. வெள்ளவத்தையில் ஒரு அறையில் இருந்துகொண்டு கொட்டாஞ்சேனையில் ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்தேன். ஸ்டூடியோ சொந்தக்காரர் ஒரு முஸ்லிம். எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். அடையாள அட்டைப் படம், பாஸ்போட் படம், கல்யாண வீடு, என் தொழில் அவ்வளவுதான். "நாடியைக் கொஞ்சம் உயர்த்துங்கோ, சிரியுங்கோ, அசையாதேங்கோ." ஒரு நாளைக்கு எத்தனை தரம் இதைச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்துக்கு உள்ளூர் உதைபந்தாட்டப் போட்டிகளைப் படம் பிடித்துக் கொடுப்பேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் உயரமான ஒரு பெடியன் ஸ்டூடியோவுக்கு வந்தான். மலைநாட்டிலிருந்து வந்தவன். பக்கத்துத் தெருவில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை, ஜிந்துப்பிட்டியில் ஒரு லொட்ஜில் தங்கல், ஞாயிற்றுக்கிழமைகளில் கோல் கீப்பர்.

"அண்ணே, நாளைக்கு பைனல். நீங்கதான படம் புடிப்பீங்க? பேப்பர்ல என் மூஞ்சி தெரியிற மாதிரி ஒண்ணு வரணும்ணே."

"எல்லாருக்கும் பேப்பரில வரத்தான் விருப்பம்" என்றேன். எனக்கு அப்போதே எரிச்சல்.

"பெருமைக்கு இல்லண்ணே. ஐ.சி. கார்டுல தேயிலத் தோட்டத்து விலாசம் இருக்கு. செக்கிங்ல நிப்பாட்டுனா, கொழும்புல உனக்கு என்ன வேலைன்னு கேட்டு ஏத்திக்கிட்டுப் போயிடுறாங்க. ரெண்டு தடவ முதலாளி பொலிசுக்கு வந்து கூட்டிக்கிட்டுப் போனாரு. மூணாவது தடவ வரமாட்டேன், வேற ஆளப் போட்டுக்குவேன்னு சொல்லிட்டாரு. பேப்பர்ல வந்தா வெட்டி பேர்ஸ்ல வச்சிக்குவேன். இந்தா பாருங்க, நான் இங்க பந்து புடிக்கிறவன்னு காட்டலாம்ல?"

"சரி, இப்பவே உள்ளுக்குப் போய் நில்லும், ஒரு படம் எடுத்துக் குடுக்கிறன்" என்றேன். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். பேப்பரில் அச்சடித்து வந்தால்தான் நம்புவார்களாம். விளையாட்டுப் பக்கத்து ஐயாவோ நின்றுகொண்டு பிடித்த படங்களை எடுக்கவே மாட்டார். அதெல்லாம் கல்யாண அல்பத்துக்கு, எனக்குப் பந்து இருக்க வேண்டும் என்பார். ஆக, விளையாட்டுக்குள்தான் அவன் முகத்தைப் பிடிக்க வேண்டும். அவன் வேலை அந்த முகத்தில் இருந்தது. "ஓம்" என்று சொல்லிவிட்டேன்.

நானா தன்னுடைய நீட்டு லென்ஸைத் தந்தார். தரும்போது அதைத் தடவிக்கொண்டே, "இங்க பாருங்கோ, இது என்ட புள்ள மாதிரி. தண்ணி பட்டா நீங்க வராதீங்கோ, லென்ஸ மட்டும் அனுப்புங்கோ" என்றார்.

ஞாயிறு விடியவே மழை. அந்த நாட்களில் கெமராவுக்கு மழைச்சட்டை எங்கே கிடைக்கும்? கடையில் மரக்கறி போட்டுத் தருகிற சிலிசிலிப் பைகள் இரண்டை ஒன்றுக்குள் ஒன்று போட்டு, அடியில் ஓட்டை வெட்டி, லென்ஸின் மூக்கை அதனால் வெளியே எடுத்து, ரப்பர் பேண்ட் மூன்று போட்டு இறுக்கினேன். பின்பக்கத்தால் கை போக இடம் விட்டேன். லென்ஸ் துடைக்க ஒரு பழைய பெனியன். இருந்த ஒரே பிலிம் சுருளைப் பால்மா டின்னுக்குள் போட்டு மூடினேன். ஒரு மணித்தியாலம் மெனக்கெட்டுக் கட்டின கட்டு. பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

அந்தக் கட்டைத்தான் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் கண்டான். யோசித்துப் பாருங்கள். சண்டைக் காலத்தில் ஒரு தமிழன், பொலித்தீனால் சுற்றி ரப்பர் பேண்ட் போட்ட ஒரு பொருளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்து வருகிறான். கூட ஒரு டின் வேறு.

"மேக்கே மொனவத?" அதில் என்ன என்று கேட்டான். கேட்கும்போதே இரண்டு அடி பின்னுக்குப் போனான்.

கெமரா என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். திற என்றான். மழை பெய்கிறது, நனைந்துவிடும் என்றேன். அவனும் மழைக்குள்தான் நின்றான், அவனுக்கு என் லென்ஸில் என்ன கவலை? மூன்று ரப்பர் பேண்டையும் கழற்றினேன். ஒன்று அறுந்தது. பையும் கிழிந்தது. அவன் கெமராவைத் தூக்கிப் பார்த்துவிட்டு, டின்னையும் குலுக்கிப் பார்த்துவிட்டு, "ஹரி, யன்ன" என்று போகவிட்டான். ஒரு மணித்தியால வேலை ஒரு நிமிடத்தில் போயிற்று. ஒரு கடை வாசலில் நின்று கிழிந்த பையையே திரும்பச் சுற்றினேன். அது முன்னைப் போல நிற்கவில்லை.

மைதானம் மைதானமாகவே இல்லை, வயல். பெடியன் காக்கிற கோலின் பக்கத்தில், மூலைக்கொடிக்குக் கிட்ட ஒரு மர வாங்கின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன். குடை விளிம்பில் இருந்து ஒழுகுகிற தண்ணீர் நேரே லென்ஸில்தான் விழுந்தது. குடையைப் பின்னுக்குச் சரித்தால் என் முதுகில் விழுந்தது. முதுகில் விழட்டும் என்று விட்டேன்.

ஒரு தடித்த மனிதர் கடலைப் பொட்டலத்தோடு வந்து கேளாமலே குடைக்குள் புகுந்தார்.

"என்ன தம்பி, பாண் வாங்கிட்டு வந்தியா?" என்று பையைத் தட்டினார்.

"கெமரா அண்ணே. தொடாதேங்கோ."

"அட, கெமராவுக்குச் சட்ட போட்டிருக்கு. எனக்குத்தான் இல்ல. கொஞ்சம் தள்ளு."

அவர் சிரிக்கும்போதெல்லாம் முழங்கை என் விலாவில் இடித்தது. கடலைத் தோல் வேறு பைக்குள் விழுந்தது.

பெடியன் நல்லாய் விளையாடினான். பொய் சொல்லக்கூடாது, முதல் பாதியில் இரண்டு நிச்சயமான கோல்களைப் பாய்ந்து தட்டினான். ஆனால் கோல் கீப்பர் பாயும்போது முகம் எங்கே இருக்கும்? சேற்றுக்குள் இருக்கும். எழும்பினால் கை முகத்தைத் துடைக்கும். பந்து தூரத்தில் நின்றால் அவன் மற்றப் பக்கம் பார்ப்பான். இதற்கிடையில் பை காற்றில் அடித்து லென்ஸை மூடும். நான் மூச்சு விட்டால் கண் வைக்கிற கண்ணாடியில் ஆவி படியும். மூச்சை அடக்கினால் கெமரா ஆடும். துடைக்கக் கொண்டு வந்த பெனியன் எப்போதோ நனைந்து, துடைக்கத் துடைக்க இன்னும் மோசம். ஒவ்வொரு தரமும் அழுத்திவிட்டு, இதிலும் ஒன்றும் விழாது என்று எனக்கே தெரிந்தது.

இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாற, நானும் அவன் காக்கிற மற்றக் கோலின் பக்கத்துக்குப் போனேன், கடலைக்காரரும் குடைக்குள்ளேயே கூட வந்தார். இரண்டாம் பாதி முடியப் போகிறது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. சுருளில் மிச்சம் ஒரே ஒரு படம். பந்து அந்தத் தொங்கலில், எதிரணியின் கோலுக்கு முன்னால் கிடந்து இழுபடுகிறது. இவனோ தன் பக்கத்தில் தனியே, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறான். இதை விட்டால் வேறு சந்தர்ப்பம் இல்லை.

"தம்பி! இஞ்ச பார்!" என்று கத்தினேன்.

அவன் திரும்பினான். நான் கண்ணை வைத்தேன். ஒரே புகை. ஆவி படிந்திருந்தது. பெருவிரலால் துடைத்தேன். துடைத்துக்கொண்டே, அத்தனை வருசமாய்ச் சொல்லிப் பழகின வாய், தன்பாட்டில் சொல்லிற்று:

"நாடியைக் கொஞ்சம் உயர்த்து. சிரி. அசையாதே!"

அந்தப் பிள்ளை அப்படியே செய்தான். நாடியை உயர்த்தினான், சிரித்தான், அசையாமல் நின்றான். எதிரணிக்காரன் ஒருத்தன் தன் கோலைக் காப்பாற்ற உதைத்த பந்து, பாதி மைதானத்தில் விழுந்து, ஈரத்தில் சறுக்கிக்கொண்டு, ஒருத்தர் காலிலும் படாமல் வந்தது. எனக்கு அது தெரியவில்லை. எனக்கு அவன் முகம் மட்டும்தான் தெரிந்தது, முதன்முறையாகப் பளிச்சென்று. அழுத்தினேன். அழுத்தின பிறகுதான் சனம் கத்துவது காதில் விழுந்தது.

பந்து அவன் முதுகுக்குப் பின்னால் உருண்டு உள்ளே போய்விட்டது.

"அட விசரா! யாரப் பாத்துச் சிரிக்கிற? ஒன்ட கல்யாணமா இன்னைக்கு?" குடைக்குள் நின்றவர் கடலையை அப்படியே நிலத்தில் எறிந்தார்.

அந்த ஒரு கோலில் தோற்றார்கள். விசில் ஊதியதும் கூட்டாளிகள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். "எங்கடா பாத்துக்கிட்டு நின்ன?" என்று ஒருத்தன் நெஞ்சில் தள்ளினான். "கண்ணுல தண்ணிடா, தெரியல" என்றான் இவன். சொல்லும்போது ஒரு தரம் என் பக்கம் பார்த்தான். நான் குனிந்து, கழன்றே இருக்காத ஒரு ரப்பர் பேண்டை இறுக்கிக்கொண்டிருந்தேன். எழும்பிப் போய், என் பிழை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னைத்தான் அடிப்பார்கள், லென்ஸும் உடையும் என்று எனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன்.

திங்கள் காலை நானா லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே ஆவி கட்டியிருந்தது. "இதுக்குள்ள தண்ணியா ஊத்தினீங்க?" என்று கேட்டு, மேசை விளக்கைப் போட்டு அதற்குக் கிட்ட லென்ஸை வைத்தார். நான் சுருளைக் கழுவினேன். முப்பத்தாறில் முப்பத்தைந்து புகையும் பொலித்தீனும். ஒன்றே ஒன்றுதான் நன்றாக விழுந்திருந்தது. நாடி உயர்த்தி, பல் தெரியச் சிரிக்கிற கோல் கீப்பர். அவனுக்குப் பின்னால், கோட்டைத் தாண்டப் போகிற பந்து.

பின்னேரம் அவன் வந்தான். ஈரப் படத்தைக் காட்டினேன். விளிம்பில் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினான்.

"இதைப் பேப்பருக்குக் குடுக்கமாட்டன் தம்பி. ஊர் முழுக்கச் சிரிக்கும்."

"மூஞ்சி தெரியுதுல்லண்ணே?"

"தெரியுது. ஆனா பந்தும் தெரியுதே."

"லொட்ஜ்ல இப்பவே சிரிக்கிறாங்க. இதுக்கு மேல என்னா? போடுங்கண்ணே."

விளையாட்டுப் பக்கத்து ஐயா படத்தைப் பார்த்துக் குலுங்கிச் சிரித்துவிட்டு, பெரிதாகவே போட்டார். அவன் பெயர், அணியின் பெயர் எல்லாம் கீழே சரியாக இருந்தன. பேப்பரை அவன் ஸ்டூடியோவுக்குக் கொண்டு வந்தான். நான் கத்தரிக்கோலை எடுத்து ஓரம் பிசகாமல் வெட்டிக் கொடுத்தேன். நானா கண்ணாடியைப் போட்டு அதை வாங்கி வாசித்தார்.

"எல்லாஞ் சரி. ஆமிக்காரன் தமிழ் வாசிப்பானா?"

ஒரு கிழமையாக எனக்கும் பெடியனுக்கும் இது தோன்றவே இல்லை. மழை, லென்ஸ், பை, முகம் என்று அவ்வளவுக்கு மண்டையை உடைத்தவன், அந்தக் காகிதத்தை வாசிக்கப் போகிறவனை நினைக்கவில்லை. எனக்குச் சுவரில் தலையை மோதவேண்டும் போல இருந்தது. அவன் துண்டை மடித்துப் பேர்ஸில் வைத்துக்கொண்டு போனான்.

அடுத்த கிழமை ஓடி வந்தான். முந்தின நாள் செக்கிங்கில் நிப்பாட்டி, வழக்கம் போலத் தோட்டத்து விலாசத்தைப் பார்த்து ஓரமாக நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். இவன் பேப்பர்த் துண்டை நீட்டியிருக்கிறான்.

"எழுத்தப் பாக்கவே இல்லண்ணே. படத்தப் பாத்தாரு. என்னப் பாத்தாரு. திரும்பப் படத்தப் பாத்தாரு. 'உம்ப கொஹெத பலன்னே?' நீ எங்கடா பாக்குறன்னு கேட்டுட்டுச் சிரிக்கிறாரு. மத்தவங்களயும் கூப்பிட்டுக் காட்டுனாரு. 'கோல் கீப்பர்! கோல் கீப்பர்!'னு முதுகுல ஒரு தட்டு. போன்னுட்டாங்கண்ணே!"

நான் பிடிக்க நினைத்த படம் விழுந்திருந்தால், பந்தைப் பிடித்தபடி பாய்கிற யாரோ ஒரு கீப்பரும் அடியில் வாசிக்கத் தெரியாத தமிழும்தான் இருந்திருக்கும். அதை நினைத்துச் சந்தோசப்படுவதா, தலையில் அடிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவன் கையில் இருந்த துண்டைப் பார்த்தேன். ஏழெட்டுக் கை பட்டு, மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் நானா தொழுகைக்குப் போனார். நான் கதவைச் சாத்தி, இருட்டறைக்குள் போய், அதே படத்தைப் பேர்ஸில் வைக்கிற அளவில் கெட்டிக் கடதாசியில் அடித்தேன். காய்ந்த பிறகு முன்மேசையில் உட்கார்ந்து, பின்பக்கத்தில் பேனையால் சிங்களத்தில் எழுதினேன். பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களம் இல்லை, பஸ் போர்டுகளில் பார்த்துப் பிடித்த எழுத்துகள். இவர் கோல் கீப்பர் என்று முதல் வரி. இந்தக் கோல் போனது படம் பிடித்தவனுடைய பிழை என்று இரண்டாவது வரி. பிழை என்கிற சொல்லில் ஒரு கொம்பு மாறிப் போயிற்று. வெட்டித் திருத்தினால் சந்தேகப்படுவார்கள் என்று அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, இருட்டறைக்குள் போய் இன்னொன்று அடித்துக்கொண்டு வந்து, முதலில் இருந்து எழுதினேன்.