ஒயிட்னர் பூசிய வேதாகமம்

செல்லதுரை இறந்த செய்தி வந்தபோது நான் நைனார்பாளையத்தில் மக்காச்சோளத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். ஃபோனில் அவன் மனைவி கிருபை. "அண்ணா, அவரு போயிட்டாருண்ணா. காபி கேட்டாரு. போட்டுக்கினு வர்றதுக்குள்ள..." அழுகை அவ்வளவுதான். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு வேறொன்றைக் கேட்டாள். "போஸ்டர் அடிக்கிறவரு வந்து நிக்கிறாரு. போட்டோவுக்குக் கீழ போட ஒரு வேத வசனம் வேணுமாம், நம்பரோட. நான் இன்னா சொல்லட்டும்?"

அந்தக் கேள்வியின் கனம் அவனை அறிந்த உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்காக இதை எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு என் தொல்லை ஒழிந்தது. ஆனாலும் எங்கள் டெப்போவில் யாரைப் பற்றியாவது எழுத வேண்டுமென்றால் பட்டதாரிகளை விட்டுவிட்டு என்னிடம்தான் வருவார்கள்.

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் வண்டியில் நான் டிரைவர், அவன் கண்டக்டர். கல்வராயன் மலையின் வளைவுகள் என் ஹாரனைக் கேட்டால் தாமே கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும் என்று மலை சனங்கள் சொல்வார்கள். வண்டியின் முன்னால் என் அய்யனார் படம், பின்னால் அவன் டிக்கெட் பையில் வேதாகமம். இரண்டும் சண்டை போட்டதில்லை. ஒருமுறை ஒரு அம்மா, இரண்டு ஸ்டேஜுக்கு நடுவில் ஏறிவிட்டு முழு ஸ்டேஜ் காசா என்று மல்லுக்கு நின்றாள். செல்லதுரை சிரித்துக்கொண்டே சொன்னான்: "ஸ்டேஜுன்றது நாங்க டிக்கெட் போட வெச்சுக்கினது தாயி. ரோட்டுக்கு அதெல்லாம் தெரியாது."

சங்கராபுரத்தில் அவர்கள் சபையில் புத்தாண்டு ஆராதனையின்போது தட்டில் வசன அட்டைகள் வைப்பார்கள். எடுக்கிறவருக்கு அந்த வருஷத்துக்கு அதுதான் கடவுளின் வாக்குத்தத்தம். ஒரு வருஷம் அவர்களுடைய ஒரே மகள் ஷீலா எடுத்த அட்டையில், தொடக்கம் சிறிதாக இருந்தாலும் முடிவு மிகப் பெரிதாக இருக்கும் என்ற பொருளில் ஒரு வரி. நீங்களும் பார்த்திருப்பீர்கள், கடைக்குக் கடை கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்களே, அதே வரி. செல்லதுரை அந்த அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எல்லா டிரிப்பும் வந்தான்.

மழைக்காலத்தில் ஷீலாவுக்கு ஜுரம் வந்தது. கிருபை ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். இவன், "அட்டை வந்திருக்குது இல்ல? முடிவு நல்லாத்தான் இருக்கும், பயப்படாத" என்று சொல்லிவிட்டு டூட்டிக்கு வந்துவிட்டான். மறுநாளும் அதையே சொன்னான். அதற்கு அடுத்த நாள் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவிலிருந்து இறக்கும்போதே பிள்ளை கண் சொருகிவிட்டது. மூக்கிலிருந்து வந்த ரத்தத்தைத் துடைத்தது என் துண்டுதான்.

அடக்கம் முடிந்து வீட்டில் உட்கார்ந்திருந்தபோது சபையின் மூப்பர் வந்தார். அரிசி மண்டி வைத்திருந்தவர், கெட்ட மனிதர் இல்லை. ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நினைத்திருப்பார். "வாக்குத்தத்தம் தப்பாதும்மா. நம்ம பக்கம்தான் விசுவாசம் கம்மியாயிருக்கும். நீ ஆஸ்பத்திரின்னு தவிச்சியே" என்றார். கிருபை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அன்றோடு அவள் பேச்சு நின்றது, சோறும் ஏறக்குறைய நின்றது. தான் சந்தேகப்பட்டதால்தான் பிள்ளை செத்தது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். இல்லை, நான்தான் தாமதித்தேன் என்று செல்லதுரை எத்தனையோ சொல்லியும் அவள் காதில் ஏறவில்லை.

அப்போதுதான் அவன் ஒயிட்னர் வாங்கினான். மதியம் வெள்ளிமலையில் வண்டி நிற்கும் நேரமெல்லாம் வேதாகமத்தைப் பிரித்து, அதிகார எண், வசன எண் ஒவ்வொன்றின் மேலும் பூசி ஊதிக் காயவைப்பான். பஸ் முழுக்க அந்த நெடி. தாள்கள் விறைத்து, புத்தகம் இரண்டு மடங்கு தடித்துவிட்டது. புத்தி பிசகிவிட்டதோ என்று நானே பயந்தேன்.

"ஏன்யா இந்த வேலை?"

"இதுவும் ஸ்டேஜ் மாதிரிதான் டிரைவரே. எடம் கண்டுபுடிக்கப் பின்னால வந்தவங்க போட்டது. நாம நடுவுல ஏறி நடுவுல எறங்கிட்டு, ஊரையே பாத்துட்டோம்னு சொல்லிக்கினு இருக்கிறோம். நான் முழுசாப் போய்ப் பாக்கணும்."

ஒருநாள் கிருபையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். வீட்டில் தனியாக விடப் பயம். மழையில் பாறை சரிந்து பாதை அடைத்துக்கொள்ள, வெள்ளிமலையில் மாட்டிக்கொண்டோம். அந்தப் பாறையை நான் ஒருவனே தோள் கொடுத்துத் தள்ளியிருப்பேன், சாலைக்காரர்கள் விடவில்லை. செல்லதுரை புத்தகத்தைத் திறந்தான். பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த மனிதனின் கதை. முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தான். தேன் விற்கப் போன மலைக்காரம்மா ஒருத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். குரங்குகள்கூட ஜன்னலில் வந்து அடங்கி உட்கார்ந்தன. நம்பாதவர்கள் வெள்ளிமலையில் விசாரித்துக்கொள்ளலாம்.

அந்த மனிதனைப் பார்க்க மூன்று நண்பர்கள் வருகிறார்கள். அவர்களில் ஒருவன், உன் பிள்ளைகள் தப்புச் செய்ததால்தான் செத்தார்கள் என்கிறான். அப்படிச் சொன்ன வாயாலேயே, மூன்று வரி தள்ளி, தொடக்கம் சிறிதானாலும் முடிவு பெரிதாக இருக்கும் என்கிறான்.

செல்லதுரை படிப்பதை நிறுத்தினான். சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்துப் பார்த்தான். அதே வரி.

"அந்த ஆளு அப்புறம் இன்னா பண்ணாரு? படிங்க சாமி" என்றாள் மலைக்காரம்மா.

படித்தான். கடைசியில் கடவுளே வந்து அந்த நண்பர்களிடம், நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று கோபிக்கும் இடம் வந்தபோது, கிருபை எத்தனையோ நாளைக்கப்புறம் வாய் திறந்தாள்.

"அப்ப இந்த அட்டை அந்தக் கூட்டாளி பேச்சா?"

"அவன் பேச்சுதான்."

"எனக்கு விசுவாசம் கம்மின்னு எம் புள்ள சாவல."

"ஜுரத்துல செத்தா கிருபை. நான் கூட்டிக்கினு போவல. அவ்ளோதான்."

அப்போதுதான் அவள் அழுதாள். மலை முழுக்கக் கேட்டது. பிறகு செல்லதுரை மீதிப் பக்கங்களையும் படித்தான். அந்த மனிதனுக்கு வேறு பத்துப் பிள்ளைகள் பிறக்கின்றன. "வேற புள்ளைங்கதான" என்றாள் கிருபை. அவன் புத்தகத்தை மூடினான். கீழே வந்ததும் அவள் ஒரு இட்லி தின்றாள்.

அதற்கப்புறம் அவனோடு பழகுவது சுலபமாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆராதனையில் யார் ஒரு வசனத்தைச் சொன்னாலும் எழுந்து, "மேல மூணு வரி படிங்க" என்பான். ஒரு கல்யாண வீட்டில் பரிசாக வந்த வசனச் சட்டத்தைத் திருப்பி வைத்துவிட்டான். "வேதத்துக்கே வெள்ளையடிச்சவன்" என்று கேலி பேசி, சபையில் அவனை வாசிக்க விடுவதை நிறுத்தினார்கள். கடைசி வருஷங்களில் அவன் வீட்டுப் படியேறியவர்கள் நானும் பால்காரரும்தான்.

கிருபையின் கேள்விக்கு ஃபோனில் சொன்னேன்: "வசனம் வாணாம்மா. பேரு மட்டும் போடச் சொல்லு." போஸ்டர் அப்படித்தான் வந்தது, கீழே வெறும் வெள்ளை.

கல்லறைத் தோட்டத்தில் அதே மூப்பர் ஒரு வசனம் சொல்லத் தம் புத்தகத்தைத் திறந்தார். இப்போது எண்பதைத் தொட்டவர். கிருபை ஒயிட்னர் பூசிய புத்தகத்தில், பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவன் கதையைப் பிரித்து அவர் கையில் வைத்தாள். "ஐயா, துண்டு துண்டா வாணாம். இதை முதல்லேர்ந்து படிங்க." அவருக்கு எங்கே நிறுத்துவதென்று தெரியவில்லை, எண் இல்லையே. உன் பிள்ளைகள் தப்புச் செய்ததால் என்ற இடம் வந்ததும் படிப்பதை நிறுத்திவிட்டார்.

"நிறுத்தாதீங்க ஐயா" என்றாள் கிருபை. திட்டுகிற குரல் இல்லை அது.

அவர் அந்த வரியையும், அடுத்த மூன்று வரியையும் படித்தார். பிறகு குழி மண்ணின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். புத்தகம் கை மாறிக் கை மாறிப் போயிற்று. குழி வெட்டியவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து கேட்டார்கள். கடைசிப் பக்கங்களைப் படித்தது நான். அய்யனார் படத்துக்காரன், எழுத்துக் கூட்டித்தான் படித்தேன், ஆனால் சங்கராபுரம் சந்தை வரை கேட்டிருக்கும். பொழுது சாய்ந்தபின்தான் மண் தள்ளினோம்.

அந்த மூன்று நண்பர்களைப் பற்றிச் செல்லதுரை ஒன்று சொல்வான். "வந்த புதுசுல ஒரு வாரம் அவங்க வாயே தொறக்கல டிரைவரே, அந்தாளு கூட மண்ணுல குந்திக்கினு இருந்தாங்க. அதுவரைக்கும் நல்லவங்கதான்."

எனக்குப் பேச விஷயம் பஞ்சமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எமனுக்கே கதை சொல்லித் திருப்பி அனுப்புவேன். ஆனால் இப்போது சாவு வீட்டுக்குப் போனால் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன். யாராவது எழுந்து போகச் சொல்லும் வரை உட்கார்ந்திருக்கிறேன், ஒரு வார்த்தை பேசுவதில்லை. செல்லதுரையிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். கிருபையின் வீட்டிலும் அப்படித்தான் இருந்துவிட்டு வந்தேன்.