இல்லை என்று சொல்லாத கடையில் வீரம்மா

பாகூர் கடைத்தெருவில் வினோதினியின் கடை எது என்று கேட்டால் யாராக இருந்தாலும் காட்டிவிடுவார்கள். நோட்டு, பேனா, ஜெராக்ஸ், லேமினேஷன். கேட்ட பொருள் இருந்தால் கொடுப்பாள். இராவிட்டால் "நாளைக்கு வந்துடும்" என்பாள். "இல்லை" என்ற சொல்லை மட்டும் அந்தக் கடை கேட்டதே கிடையாது. கடையில் நின்று இல்லை என்றால் படத்தில் இருக்கிற லட்சுமி காதில் விழுந்துவிடும் என்பது அவள் அப்பா வைத்த கட்டுப்பாடு. வியாபாரக் குடும்பங்களில் இது ஒன்றும் புதிதல்ல. ஆனால் வினோதினிக்கு, கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போன பிறகும் அந்தச் சொல் வாயில் வராது. வந்த வினையெல்லாம் அதனால்தான்.

அவள் அண்ணன் அரிகரன் வில்லியனூரில் பெரிய கடை வைத்திருக்கிறான். நல்லவன், அதைச் சொல்லாமல் மேலே போனால் என் வாய் அழுகிவிடும். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த நாற்பது நாளும் வேளை தவறாமல் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவன். கல்யாணம் முறிந்து தங்கை திரும்பி வந்தபோது, ஒரு கேள்வி கேட்காமல் இந்தக் கடைச் சாவியை அவள் கையில் வைத்தவன். பதினோரு வருஷம் ஆகிறது. காலையில் ஷட்டரைத் தூக்குகிற அந்தச் சத்தத்தில்தான் தானும் ஒரு ஆள் என்று அவளுக்கு நம்பிக்கை வரும்.

அந்த அண்ணனே ஆறு மாதமாக, "தனியா எதுக்கும்மா கஷ்டப்படற? கடைய வுட்டுட்டு எங்கூட வந்துடு, கல்லாவுல ஒக்காரு" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். போக அவளுக்கு இஷ்டமே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் "பாக்கலாம்ணா" என்றாள். அவன் என்ன, மனசுக்குள் புகுந்தா பார்க்க முடியும்? சம்மதம் என்றே எடுத்துக்கொண்டு, செல்போன் ரிப்பேர் பார்க்கும் ஒருவருக்குக் கடையை வாடகைக்குப் பேசிவிட்டான். வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு ஆளைக் கூட்டிவருவதாகப் போன் வந்தது. அதற்கும் "சரி, வாங்கண்ணா" என்றாள் மகராசி!

இந்த நேரத்தில்தான் சேவியரும் சிந்துவும் ஜெராக்ஸ் எடுக்க வந்தார்கள். சேவியர் கம்பெனி வேலைக்காரன். சிந்து ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். கட்டம் கட்டமாய் இருந்த அந்தத் தாள் எதற்கு என்று வினோதினி கேட்டாள். கதை விளையாட்டாம். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனையோ மந்திரவாதியையோ உண்டாக்கி, அவர்களாகவே பேசி, அந்தக் கதைக்குள் நடமாட வேண்டும். செய்ய நினைத்தது பலிக்குமா என்பதை இருபது முகம் உள்ள பகடை சொல்லும். எண் பெரிதாக விழுந்தால் பலித்தது. உட்கார்ந்து ஆட இடம் கிடைக்கவில்லை என்றார்கள். கேட்டவர்களுக்கு மறுத்துப் பழக்கமில்லாதவள், ஞாயிறு மதியம் கடையிலேயே ஆடச் சொன்னாள். "அப்ப நீங்களும் ஒரு ஆளு செய்யணுங்க்கா" என்று சிந்து ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினாள்.

"பேரு?" என்றான் சேவியர்.

சிந்து இளவரசி பெயர்களாக அடுக்கினாள். வினோதினி யோசித்துவிட்டு, "வீரம்மா" என்றாள்.

வீராம்பட்டினத்திலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் மீன் கூடையோடு வருகிற வீரம்மாவைத் தெரியாதவர்கள் அந்தத் தெருவில் கிடையாது. "வேணும்னா வாங்கு, வேணான்னா கூடையத் தொடாத" என்று எந்தக் கொம்பனிடமும் சொல்லிவிட்டுப் போகிறவள். ஐந்தடி உயரம்கூட இருக்கமாட்டாள். அவள் பேசுவதைக் கேட்கவே வினோதினி சில நாள் வேண்டாத மீனையும் வாங்கியிருக்கிறாள்.

கையில் மீன்வெட்டும் கத்தி என்று எழுதினாள். பலம் பதினாறு. மந்திரம் என்ற கட்டத்தில் பேனா நின்றது. வீரம்மாவுக்கு ஏது மந்திரம்? ஆனால் கடையில் உட்கார்ந்துகொண்டு இல்லை என்று எழுதுவதா? "வரணும்" என்று எழுதினாள். பலவீனம் என்ற கட்டத்திலும் "வரணும்". சேவியர் வாங்கிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

ஞாயிறு மதியம் சேவியர் கதையைத் தொடங்கினான். காட்டுப் பாதை. சிந்துவின் வில்லாளி அடிபட்டுக் கிடக்கிறாள். மூன்று நாள் கொடுத்தால்தான் அவளைப் பிழைக்க வைக்கும் ஒரே மருந்து வீரம்மாவின் பையில். எதிரே கொள்ளைக்காரன். சேவியர் குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, "ஏய், பையில மருந்து இருக்கா?" என்று உறுமினான்.

"இல்லன்னு சொல்லுங்க்கா!" என்று சிந்து கிசுகிசுத்தாள்.

வினோதினி லட்சுமி படத்தைப் பார்த்தாள். "நாளைக்கு வந்துடும். காலையில வாங்க" என்றாள்.

சிந்து தலையில் அடித்துக்கொண்டாள். சேவியர் அசராமல், "சரி, நாளைக்கு வர்றன்" என்று கொள்ளைக்காரனை அனுப்பிவைத்தான். தப்பித்தோம் என்று வினோதினி மூச்சு விடுவதற்குள், "மறுநாள் காலை. அவன் பத்துப் பேரோட வந்து நிக்கிறான். வரச்சொன்னியே, எங்க மருந்து?" என்றான்.

அவளுக்குச் சுருக்கென்றது. வரச்சொன்னது அவள்தானே? கொள்ளைக்காரனையும் சரி, அண்ணனையும் சரி.

வீரம்மாவாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? வினோதினி எழுந்து நின்றாள். "இல்ல. தர மாட்டேன். போடா!"

சொல்லிவிட்டாள்! கடையில்! பகடையை உருட்டினாள். மூன்று விழுந்தது. வீரம்மாவுக்குச் செம அடி. கத்தி உடைந்தது, பையும் போயிற்று. வினோதினி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவ்ளோதாங்க்கா. உயிரோடத்தான் இருக்கா. நீங்க தடுத்த நேரத்துல சிந்து தவழ்ந்து போயி புதருல ஒளிஞ்சிட்டா. எழுந்து இன்னா செய்யப்போறீங்க?" என்றான் சேவியர்.

கண்ணைத் திறந்தாள். படம் ஆணியில் அப்படியேதான் தொங்கியது. ஷட்டரும் இடிந்து விழவில்லை. இல்லை என்று சொல்லி, தோற்றும் போன பிறகு எழுந்து நிற்க முடிகிறதே என்று அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அடுத்த ஞாயிறு அரிகரன் வந்தான். பின்னாலேயே செல்போன்காரர், கையில் அளவு டேப்போடு. அவர் டேப்பை இழுத்துச் சுவரில் வைத்தபோது வினோதினி அண்ணன் எதிரில் வந்து நின்றாள்.

"அண்ணா, நீ எனக்குச் செஞ்சத ஏழு ஜென்மத்துக்கும் மறக்கமாட்டன். ஆனா இல்லண்ணா. நான் வரல. கடையயும் குடுக்கல."

அரிகரன் முகம் வெளுத்துவிட்டது. "கடையில நின்னுக்கினு இன்னா வார்த்த சொல்ற வினோ! படத்துக்கு முன்னாடி!"

"கடை இருக்கணும்னுதாண்ணா சொல்றன்."

அவன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "ஒனக்கு இஷ்டம்னு இல்ல நான் நெனச்சிக்கினு இருந்தன்? ஒரு வார்த்த சொன்னியாம்மா இத்தினி நாளா?" என்றான். குரலில் கோபம் இருந்தது. அதைவிட வருத்தம் இருந்தது. அவளுக்கும் கண் கலங்கியது. இவன் என்ன கொள்ளைக்காரனா? சொல்லியிருந்தால் கேட்டிருப்பானே! அரிகரன் செல்போன்காரரிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்தான். தங்கை போட்டுத் தந்த டீயைக் குடித்தான். போகும்போது, பாதியில் சிக்கி நிற்கும் ஷட்டருக்கு எண்ணெய் விட ஆள் அனுப்புவதாகச் சொன்னான்.

செவ்வாய்க்கிழமை வீரம்மா கூடையை இறக்கினாள். வினோதினி இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றி வீரம்மா" என்றாள். மனசு அப்படி நிறைந்திருந்தது.

வீரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கையை வெடுக்கென்று உருவிக்கொண்டாள்.

"கையப் புடிச்சாலும் சரி, காலப் புடிச்சாலும் சரி, வெல கொறைக்க மாட்டன். வேணுமா, வேணாமா?"