பேட்டரி நாற்காலிக்கு நான் எழுதிய இரண்டு குறிப்புகள்

கஞ்சத்தனத்துக்காகச் சம்பளம் வாங்குகிறவள் நான். கல்கத்தா சால்ட் லேக்கில் ஓர் அரசு அலுவலகத்தின் நிதிப் பிரிவில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு இலவசமாகக் கொடுக்கும் சக்கர நாற்காலி, காதுக் கருவி, செயற்கைக் கால் எதுவானாலும் அதன் கோப்பு என் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்களே, அந்தப் பூசாரி நான்தான். அதில் எனக்குக் கூச்சம் இருந்ததில்லை. ஊர்ப் பணம், ஒருவருக்குத் தவறாகப் போனால் இன்னொருவருக்கு இல்லாமல் போகும். கிள்ளிக் கொடுத்தால்தான் வரிசையில் கடைசியாக நிற்பவர் வரைக்கும் வரும் என்று நம்பினேன். இப்போதும் பாதி நம்புகிறேன்.

ஒரு மார்ச் மாதம், ஒதுக்கிய பணம் திரும்பிப் போய்விடக் கூடாதே என்ற அவசரத்தில், பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலிகள் கொஞ்சம் வாங்கினோம். ஒன்றின் விலையில் கையால் தள்ளும் நாற்காலிகள் பல வாங்கிவிடலாம் என்பதால் நிபந்தனைகள் கூடுதல். கைகால் வலுவில்லாதவராக இருக்க வேண்டும், ஆனால் விரலாவது அசைய வேண்டும். குடும்ப வருமானம் ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது. அதிகாரி ஒருவர் வீட்டுக்கே போய்ப் பார்த்து எழுத வேண்டும். இத்தனையும் சரியாக இருந்தாலும் விழா வைத்து, மேடை போட்டு, ஒரு பெரிய மனிதர் கையால் கொடுப்பதுதான் வழக்கம். பெரிய மனிதருக்கு நாள் ஒழியவில்லை. நாற்காலிகள் ஹவுராவில் ஒரு கிடங்கில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தன.

அப்போதுதான் கார்டன் ரீச்சிலிருந்து ஒரு விண்ணப்பம் வந்தது. எங்கள் தலைமை எழுத்தரை எல்லாரும் பொரோபாபு என்றுதான் கூப்பிடுவோம். அவர் கோப்பை நீட்டும்போதே சிரித்தார்.

“தீதி, ஆப்னார் தேஷேர் லோக்.”

அக்கா, உங்கள் ஊர்க்காரர்கள் என்று அர்த்தம். விண்ணப்பத்தில் இருந்தது தமிழ்ப் பெயர். எனக்கு ஊர் கல்கத்தாதான். நாலு தலைமுறையாக இங்கே இருக்கிறோம், கோபம் வந்தால் எனக்குப் பெங்காலிதான் வரும். ஆனாலும் ஒரு தமிழ்ப் பெயர் வந்துவிட்டால் பிரிவு முழுக்க என் முகத்தைப் பார்க்கும். சலுகை காட்டிவிட்டாள் என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாதே என்று, தமிழர் கோப்பென்றால் நான் இரண்டு மடங்கு கறாராகிவிடுவேன். அதற்கு நேர்மை என்று பெயர் வைத்திருந்தேன்.

வீடு பார்க்க நானே போனேன். தரைத்தளத்தில் ஓர் அறையும் சமையல் இடமும். அப்பா ரயில்வேயில் இருந்து காலமாகிவிட்டார்; அம்மாவுக்கு வரும் குடும்ப ஓய்வூதியம்தான் வருமானம். மகளுக்கு இருபத்து மூன்று வயது. சிறு வயதிலிருந்தே தசைகள் வலுவிழந்துகொண்டு வரும் நோய். கழுத்தும் விரல்களும் நன்றாக இயங்கின. சக்கரத்தைத் தள்ளும் அளவுக்குக் கைகள் எழும்பவில்லை. அந்த விரல்களை வைத்துக்கொண்டே பி.காம். முடித்திருந்தாள்.

கதவைத் திறந்த அம்மா முதலில் இந்தியில் வரவேற்றார். நான் தமிழில் பதில் சொன்னதும் முகமே மாறிவிட்டது. “அப்பாடா, நம்மவங்கதான் வந்திருக்காங்க” என்று உள்ளே பார்த்துச் சொன்னார். எனக்கு முதுகு விறைத்துக்கொண்டது.

மகள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். அவளை வீட்டில் இருந்த, கையால் தள்ளும் நாற்காலியில் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்றேன். படிவத்தில் அப்படி ஒரு வரி உண்டு. மகளைவிட அம்மா ஒரு சாண் குள்ளம். கட்டில் ஓரத்தில் மகளின் முழங்கால்களைத் தன் முழங்கால்களால் முட்டுக் கொடுத்தார். மகள் தாடையை அம்மாவின் தோளில் வைத்தாள். அம்மா முணுமுணுவென்று “ஒண்ணு, ரெண்டு” என்றார். மூன்றை யாரும் சொல்லவில்லை. இருவரும் ஒரே சமயத்தில் மூச்சை விட்டார்கள், மகள் எழுந்துவிட்டாள். ஒரு கணம் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு நின்றார்கள். பிறகு கால் வைக்கும் அளவே உள்ள இடத்தில் அம்மா திரும்பி, மகளை நாற்காலியில் இறக்கி, இரண்டு பாதங்களையும் ஒவ்வொன்றாக நாற்காலியின் கால்படியில் எடுத்து வைத்து, சுருண்டிருந்த துப்பட்டாவையும் சரிசெய்தார். மூச்சுகூட வாங்கவில்லை. நான் பேனாவைத் திறந்தபடி எழுதாமல் நின்றேன். அப்படி ஒரு வேலையை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை இப்படி?”

“அத யாரு எண்ணினாங்க, அக்கா” என்றார் அம்மா.

“பதினாலு” என்றாள் மகள். “ராத்திரி திருப்பிப் படுக்க வைக்கிறதச் சேக்காம.”

மகளுக்குப் பதினொரு வயதாகும்வரை அம்மா ஒரு துணி ஏற்றுமதிக் கூடத்தில் தையல் மிஷினில் வேலை பார்த்திருக்கிறார். மகள் வளர்ந்து கனத்துப்போனதும் தூக்க வேறு ஆளில்லை என்று நின்றுவிட்டார். இதை நான் கேட்டுத்தான் சொன்னார், அதுவும் மழை பெய்தது என்பதுபோல.

கிளம்பலாம் என்று இருந்தேன். மகள் சொன்னாள்: “அம்மா, அந்த லெட்டரக் காட்டு.”

“எந்த லெட்டர்?” அம்மாவின் கண் மகளை அதட்டியது.

“தலகாணிக்கு அடில இருக்கே, அது.”

சால்ட் லேக் செக்டர் ஃபைவில் ஒரு கம்பெனி அனுப்பிய வேலைக் கடிதம். கணக்குப் பிரிவில் வேலை, அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும். சாய்தளம் வைத்த வண்டி பெரிய ரோடு வரைக்கும் வரும். கழிப்பறைக்கு உதவ அங்கேயே ஒரு பெண் உண்டு. ஆனால் வெளியாள் யாருக்கும் உள்ளே அனுமதி இல்லை. நாள் முழுக்க நாற்காலியைத் தள்ள ஆள் கிடையாது, தானாக நடமாட வேண்டும். சம்பளத்தைப் பார்த்தேன். ஓய்வூதியத்தோடு சேர்த்தால் எங்கள் வரம்பைத் தாண்டிவிடும்.

“அக்கா, அத நீங்க பாக்கலன்னு வச்சுக்குங்க” என்றார் அம்மா. “நமக்குள்ளதானே.”

அந்த ‘நமக்குள்ள’ என்ற சொல்லில் நான் முழுசாக மூடிக்கொண்டேன்.

“பாக்கட்டும்மா” என்றாள் மகள். “மறைச்சு வாங்கினா நாளைக்கு யாராவது வந்து பிடுங்கிட்டுப் போவாங்க.” பிறகு என்னிடம்: “நாற்காலி இல்லன்னா வேலைக்குப் போக முடியாது, மேடம். வேலைக்குப் போறேன்னு சொன்னா நாற்காலி கிடையாது. நான் என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க.”

நான் என்ன சொன்னேன்? விதிப்படி பார்க்கலாம் என்றேன். வேறென்ன சொல்வேன்.

மறுநாள் கோப்பில் எழுதினேன்: குடும்ப வருமானம் விரைவில் வரம்பை மீற உள்ளது; பரிந்துரைக்க இயலாது. கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். இனி யாரும் தேஷேர் லோக் என்று சிரிக்க முடியாது பாருங்கள்.

பொரோபாபு படித்தார். எப்படித் தெரியும் என்று கேட்டதற்குத் தலையணைக்கு அடியில் இருந்த கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அன்று கேலி செய்யவில்லை. நாற்காலியை என் மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். எங்கள் பேச்சு பெங்காலியில்தான் நடந்தது.

“தீதி, விதி எந்த வருஷ வருமானத்தக் கேக்குது?”

“போன நிதியாண்டு.”

“போன நிதியாண்டுல அந்தப் பொண்ணுக்கு வேலை இருந்ததா?”

“இல்ல.”

“அப்புறம்?” என் குறிப்பின் மேல் விரலை வைத்துச் சொன்னார்: “இதே லெட்டர் ஒரு பெங்காலி வீட்டுத் தலகாணிக்கு அடில இருந்திருந்தா, உங்க கண்ணுல பட்டிருக்குமா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உங்கள் வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூடி மறுபடியும் பைக்குள் வைத்துவிட்டேன். ஏனென்றால் அவர் சொன்ன விதி எனக்குத் தெரியாதது இல்லை. அந்தப் படிவத்தைத் தயாரித்த குழுவில் நானும் இருந்தவள். எத்தனையோ வீடுகளில் இதுபோல ஏதாவது கண்ணில் பட்டு, எதிர்காலம் எனக்கு எதற்கு என்று விட்டிருக்கிறேன். இந்த வீட்டில் மட்டும் எதிர்காலத்தையும் சேர்த்துக் கணக்கில் எடுத்தேன். என் பேருக்குக் களங்கம் வராமல் இருக்க, ஒரு பெண்ணின் வேலையைப் பறிக்கப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

சாயந்திரம் ஒரு பழைய உறையைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் பார்த்தேன். இடது பக்கம் நாற்காலி விலை, சில வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய பேட்டரி, பழுது. இது என் கைக்குப் பழகிய கணக்கு. ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. வலது பக்கம், நாற்காலி கொடுக்காவிட்டால் ஆகும் செலவு. மகளின் சம்பளம், அவள் பிற்காலத்தில் கட்டப்போகும் வரி, அம்மா தைத்திருக்கக்கூடிய பன்னிரண்டு வருடத் துணி. அந்த முதுகு ஒரு நாள் விட்டுப்போனால் ஆஸ்பத்திரி. அதற்குப் பிறகு அந்தப் பெண்ணைத் தூக்குவது யார் என்று எழுதி, பக்கத்தில் தொகை போட முடியாமல் நிறுத்தினேன். இருபத்தாறு வருடத்தில் வலது பக்கத்தை நான் ஒரு தடவைகூட எழுதிப் பார்த்ததில்லை. எங்கள் படிவத்தில் அதற்கு இடமே கிடையாது. செலவை மட்டும் எழுதினால் அது கணக்கில்லை என்பது கடை வைத்திருப்பவருக்குக்கூடத் தெரியும்.

நாளைக்குப் பதினாலு தடவை, பன்னிரண்டு வருடம். நாங்கள்தான் அந்த வீட்டுக்கு மானியம் கொடுக்கப் போகிறோம் என்று நினைத்திருந்தேன். இத்தனை காலமாக அரசாங்கத்துக்கு மானியம் கொடுத்துக்கொண்டிருந்தது அந்த அம்மா. ஒரு ரசீதுகூட வாங்காமல். அதை நினைத்தபோது எனக்கு மலைப்பாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. இந்த ஊரில் எத்தனை அறைகளில் யார் யார் இப்படி எண்ணாமல் தூக்கிக்கொண்டிருக்கிறார்களோ.

கோப்பில் எழுதிய தாளைக் கிழிக்க முடியாது. அடிக்கவும் கூடாது. அதற்குக் கீழேயே மறுத்து எழுதத்தான் முடியும். எழுதினேன்: மேலே உள்ள என் குறிப்பு தவறு. விதி கேட்பது கடந்த நிதியாண்டின் வருமானம். விண்ணப்பதாரர் தகுதி உள்ளவர். விழாவுக்குக் காத்திருந்தால் அவருடைய வேலை போய்விடும். கிடங்கிலிருந்தே நேரடியாக வழங்கலாம். ஒரே தாளில் அடுத்தடுத்து என் கையெழுத்து இரண்டு, ஒன்றை ஒன்று எதிர்த்துக்கொண்டு. பிரிவில் யாரோ தேஷேர் லோக் என்று மெல்லச் சொன்னார்கள். சொல்லட்டும் என்று விட்டேன்.

இயக்குநர் கூப்பிட்டு, தணிக்கையில் கேட்டால் யார் பதில் சொல்வது என்றார். நான் என்றேன். அவர் என்னைக் கொஞ்சம் விநோதமாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். முதல் தேதிக்கு நாலு நாள் இருந்தது.

ஹவுரா கிடங்குக்கு அம்மாவும் மகளும் டாக்சியில் வந்தார்கள். ஆயிரக்கணக்கான நாற்காலிகளுக்குக் கையெழுத்துப் போட்டவள் நான். ஒன்றையாவது ஒருவர் முதல்முதலாக ஓட்டுவதை நான் பார்த்ததில்லை. கிடங்குக்காரர் உறையைப் பிரித்து, ஓட்டும் குமிழை இடது கைப்பக்கம் மாற்றிப் பொருத்தினார். அம்மா வழக்கம்போல ஒண்ணு, ரெண்டு என்று மகளை உட்கார வைத்தார். மகள் விரலை வைத்ததும் நாற்காலி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. அம்மா பாய்ந்து பின்கைப்பிடியைப் பிடித்தார்.

“விடும்மா.”

விட்டார். நாற்காலி நகர்ந்தது. வாசல் பக்கமும் போகவில்லை, எங்கள் பக்கமும் வரவில்லை. அந்த நீளமான கூடத்தின் கடைசிச் சுவர் வரைக்கும் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றது. அம்மா பின்னாலேயே நடக்கத் தொடங்கினார்.

“வராதம்மா” என்றாள் மகள், திரும்பாமலே.

“எதுக்குடி அங்க போய் நிக்கற?”

“சும்மா.”

அங்கே பார்க்க ஒன்றுமில்லை. சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். அவள் அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது: பல வருடங்களாக அவள் இருந்த இடமெல்லாம் யாரோ கொண்டுபோய் வைத்த இடம். இது அவளாகப் போய் நின்ற இடம். அரசாங்கப் பணத்துக்கு இப்படியும் ஒன்று வாங்க முடியும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து ஒன்று பாக்கி இருந்ததால் அந்த அம்மாவை அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தோம். என் மேஜை முன் வந்து நின்றார். நான் அவருக்குப் பின்னால் கதவைப் பார்த்தேன். யாரும் வரவில்லை. அவர் தனியாக வந்திருக்கிறார் என்பது எனக்கு உறைக்க அவ்வளவு நேரம் ஆனது. உட்காரச் சொன்னேன்.

“ரெண்டு பஸ் மாறி வந்தேன்க்கா. எந்த நம்பர்னே மறந்துபோச்சு. ஒவ்வொருத்தரையாக் கேட்டுக் கேட்டு வந்தேன்.”

“பொண்ணு?”

“ஆபீஸ் போயிருக்கா.”

“எத்தனை மணிக்கு வருவா?”

“அதத்தான் காலைல நானும் கேட்டேன். ‘தெரியலம்மா, வேலை முடிஞ்சா வருவேன், நீ சாப்ட்டுடு, எனக்காகக் காத்துக்கிட்டிருக்காத’ன்னுட்டா.”

குறைபட்டுக்கொள்கிற குரல்தான். வேலைக்குப் போகும் பெண்ணைப் பெற்ற எந்த அம்மாவும் பக்கத்து வீட்டில் சொல்லும் அதே குறை. இந்த அம்மாவுக்கு அது புதுசு. நான் பேனாவையும் தாளையும் நகர்த்தினேன். கோணல் இல்லாமல் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, “காத்துக்கிட்டிருக்காதன்னுட்டாக்கா” என்று இன்னொரு தடவை சொன்னார்.