தோட்டத்தில் நின்ற கப்பல்

எங்கள் ஊர் வாழைப்பழத்தில் ஓர் இனத்துக்குக் கப்பல் என்று பெயர். கதலி, இதரை, மொந்தன் என்பதுபோல அதுவும் ஒரு பெயர்தான். அந்தப் பெயருக்காக என் வீட்டுக்காரரைப் பட்டாளம் பிடித்துக்கொண்டு போகும் என்று யார் கண்டது?

யுத்தம் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்த காலம். திருகோணமலையில் யப்பான்காரன் குண்டு போட்ட பிறகு, தொண்டைமானாற்றுப் பக்கம் கடற்கரையில் வெள்ளைக்காரர் ஓர் இரும்புக் கோபுரத்தை எழுப்பிச் சுற்றிவர முள்ளுக்கம்பி அடித்தார்கள். கண்ணுக்கு எட்டாத தூரத்தில் வருகிற கப்பலையும் ஆகாயக் கப்பலையும் அது கண்டுபிடித்துவிடுமாம். எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. கடலைப் பார்க்க வந்தவர்கள் றோட்டால் போகிற வண்டிகளை மறித்துச் சாக்குகளைக் குத்திப் பார்ப்பானேன்? அந்த யந்திரம் வந்த நாள்முதல் சனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு திரிந்தார்கள். சந்தையில் இரண்டு பேர் குசுகுசுத்தால் மூன்றாவது ஆள் மெல்ல நழுவிவிடும். நான் பிறவியிலேயே சந்தேகக்காரி. அந்த நாட்களில் ஊர் முழுவதும் என்னைப்போல் ஆகிவிட்டது.

எங்கள் வாழைத்தோட்டம் அச்சுவேலிக்குக் கிட்ட, நல்ல செம்மண் காணி. கோயில் திருவிழா வந்தால் தொண்டைமானாற்றுக் கடைகளுக்கு என் வீட்டுக்காரர்தான் பழம் கொடுப்பார். அன்றைக்கு வண்டிலில் திரும்பும்போது ஒரு கடைக்காரர் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்.

"நாளைக்குக் கப்பல் வருமோ, அண்ணை?"

"ஓம், ரெண்டு கப்பல் வரும். விடியமுன்னம் கொண்டுவந்து இறக்கிறன்."

"மற்றவையளுக்குச் சொல்லிப்போடாதையுங்கோ."

மற்றக் கடைக்காரர் அறிந்தால் தாங்களும் கப்பல் குலை கேட்டு வருவார்கள் என்பதுதான் அவருக்குப் பயம். கம்பிவேலிக்குள் ஒருவர் நின்று இதைக் காது கொடுத்துக் கேட்டதை இருவருமே கவனிக்கவில்லை. இதெல்லாம் பிறகு என் வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது எனக்குக் கிடைத்த செய்தி, வண்டில் மாடு தனியே நிற்கிறது, ஆளைக் கொண்டுபோய்விட்டார்கள் என்பது மட்டும்தான்.

உடனே எனக்குப் பக்கத்துத் தோட்டக்காரர்மேல் எண்ணம் போனது. என் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட தமையன்; கொழும்பில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். எல்லைவேலியைத் தள்ளிக் கட்டுகிறார் என்று அவரோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. அவர்தான் ஏதோ கோள்மூட்டி விட்டிருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். அந்த மனுசனே சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் படலையடியில் வந்து நின்றார்.

"வெளிக்கிடு பிள்ளை. எனக்கு இங்கிலிசு தெரியும், நான் வந்து கதைக்கிறன்."

ஏன் இவர் வலியவந்து உதவுகிறார் என்று வழி முழுக்க யோசித்தபடியே அவருக்குப் பின்னால் நடந்தேன்.

முகாமில் ஒரு கூடாரத்துக்குள் என் வீட்டுக்காரரை இருத்தி வைத்திருந்தார்கள். காதுகொடுத்துக் கேட்ட ஆளும் அங்கேதான் நின்றார். வெள்ளைக்காரருக்கு மொழிபெயர்த்துச் சொல்லப் பட்டாளத்தோடு இந்தியாவிலிருந்து வந்த துபாசி. அவருடைய தமிழில் கப்பல் என்றால் கடலில் ஓடுவது மட்டும்தான்.

"மறுபடியும் கேக்கிறேன். யாரோட கப்பல் அது?"

"என்ரை கப்பல்தான், ஐயா."

"இப்ப எங்கே நிக்குது?"

"தோட்டத்திலை நிக்குது."

தங்களைப் பரிகசிக்கிறார் என்று நினைத்துத் துபாசி மேசையில் ஓங்கி அடித்தார். என் வீட்டுக்காரருக்கோ பழத்துக்குப் புதிதாக ஏதோ கட்டுப்பாடு வந்துவிட்டது என்ற பயம். எனக்குப் பொறுக்கவில்லை.

"அது வாழைப்பழம். தின்னுற பழம். வந்து பாருங்கோவன்."

பக்கத்துத் தோட்டக்காரர் அதை இங்கிலிசில் சொன்னார். வெள்ளைக்கார அதிகாரி சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு எங்களோடு புறப்பட்டார்.

தோட்டத்தில் அவர் நடந்துகொண்ட மரியாதையைச் சொல்லவேண்டும். எனக்கு முன்னால் தொப்பியைக் கழற்றினார். பழத்தை உரித்துத் தின்று தலையை ஆட்டினார். துபாசியை நான் நம்பவில்லை, கூட வந்த சிப்பாய்களை நம்பவில்லை, உதவி செய்த சொந்தக்காரரைக்கூட நம்பவில்லை. இந்த ஒரு மனுசனைத்தான் நம்பினேன். நல்ல சீப்பாக வெட்டி இரண்டு கையாலும் கொடுத்தேன்.

அவர் காணியின் ஒரு தலைப்பிலிருந்து மற்றத் தலைப்புவரை நடந்தார். சப்பாத்துக் காலால் மண்ணை உதைத்துப் பார்த்தார். மாரியில் இங்கே வெள்ளம் நிற்குமா என்று கேட்டார்.

விடுதலையான சந்தோசத்தில் என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "எங்கடை மண்ணிலை ஒரு சொட்டுத் தண்ணி நிக்காது, ஐயா. எவ்வளவு மழை பெய்தாலும் அடுத்த நாள் வண்டில் ஓடலாம்."

அதிகாரி அவருக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார். அன்று இரவு நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம்.

அடுத்த கிழமை நில அளவைக்காரர்கள் வந்து வாழைகளுக்கு நடுவே வெள்ளை முளைகளை அடித்தார்கள். ஆகாயக் கப்பல் இறங்குவதற்கு, மழைக்கும் சேறாகாத மட்டமான நிலத்தை அவர்கள் அதுவரை தேடிக்கொண்டிருந்தார்களாம். பக்கத்துக் காணியும் சேர்ந்துதான் போயிற்று. இன்னார் கோள் சொன்னார் என்று திட்டக்கூட எனக்கு ஓர் ஆள் இல்லாமல் போனது. குலை தள்ளியும் தள்ளாமலும் நின்ற மரங்களை எல்லாம் சரித்தார்கள். கிணற்றைக் கல்லாலும் மண்ணாலும் மூடி, அதன்மேல் உருளையை உருட்டினார்கள். ஆளை உயிரோடு விட்டார்களே, அது போதும் என்றார்கள் ஊரார். எனக்கு அது போதவில்லை.

தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் மெல்லக் கேட்டார்.

"வெள்ளம் நிக்கும் எண்டு சொல்லியிருக்கலாமோ?"

"அப்பிடிச் சொல்லியிருந்தா உங்களை விட்டிருக்க மாட்டாங்கள்" என்றேன்.

அவர் அதை நம்பினார். நான் நம்பவில்லை.