அக்கா எல்லை தாண்டினதும் ஒரு வெடி

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் ஊர் மொத்தமும் மாரியம்மன் கோயில் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றது. பூசாரி கையில் மஞ்சள் கயிறு. பம்பைக்காரர் கையில் குச்சி. எல்லார் காதும் ஒரே ஒரு வெடிச் சத்தத்துக்காகக் காத்திருந்தது.

அந்த வெடி என் சட்டைப் பையில் இருந்தது.

புரியவில்லையா? நடத்தி வைத்த எனக்கே இன்னும் முழுசாகப் புரியவில்லை. பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான் என்பது இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்த விஷயத்தில் படித்தவர்களும் குழம்பித்தான் நின்றார்கள். அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

என் அக்கா மல்லிகா ஒரு நர்ஸ். ஜவ்வாது மலையில் பிறந்து, வேலூரில் படித்து, அங்கேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. இங்கிலாந்துக்குப் போக வேண்டும் என்று ரொம்ப நாளாக அலைந்துகொண்டிருந்தாள். அவளுக்கு வந்த மெயிலை ஒருநாள் எட்டிப் பார்த்தேன். ‘வெளிநாட்டில் பயிற்சி பெற்ற செவிலியர்’ என்று போட்டிருந்தது.

“நீ எப்பக்கா வெளிநாட்ல படிச்ச? எனக்குத் தெரியாம போய்ட்டு வந்துட்டியா?”

“லூசு. அவங்களுக்கு நாமதான்டா வெளிநாடு.”

அன்றைக்கு ஆரம்பித்த குழப்பம் எனக்கு.

முதலில் ஒரு இங்கிலீஷ் பரீட்சை. அப்புறம் கம்ப்யூட்டரில் நர்சிங் பரீட்சை. அப்புறம் வேலூரில் படித்தது நிஜம்தானா என்று அங்கிருந்து விசாரணை. அப்புறம் வீடியோவில் இன்டர்வியூ. அப்புறம் அந்த ஆஸ்பத்திரி ‘இந்தப் பெண் எங்களுக்கு வேண்டும்’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அப்புறம், காசநோய் இல்லை என்று ஒரு சோதனை — டிபி வார்டில் வேலை பார்த்தவளுக்கு! அப்புறம் விசா. சரி, முடிந்தது என்று நினைத்தால்... அங்கே போனதும் இன்னொரு பரீட்சையாம். ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, ‘உங்கள் பெயர் என்ன, எங்கே வலிக்கிறது’ என்று கேட்க வேண்டுமாம். அதில் பாஸானால்தான் முழு நர்ஸ்.

“அப்போ இங்க எழுதின பரீட்சையெல்லாம் இன்னாத்துக்கு?”

“அந்தப் பரீட்சைக்குப் போறதுக்கு.”

இதற்கு மேல் என்ன கேட்பது? மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லாமல் கிடந்தது. ஆடி மாதம் வந்தது. திருவிழாவுக்கு லீவு போட்டுவிட்டு அக்கா ஊருக்கு வந்தாள். அப்பா இந்த வருஷம் கரகம் தூக்குகிறார். மகள் பார்க்காமல் எப்படி?

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம், வழக்கம்போலப் பாறை மேல் ஏறிப் போனைத் தூக்கிப் பிடித்தாள். எங்கள் ஊரில் டவர் கிடைக்கிற ஒரே இடம் அந்தப் பாறைதான். மற்ற இடங்களில் போன் என்பது டார்ச் லைட். ஏஜென்சியிலிருந்து ஒரு பெண் பேசியது. விசா வந்துவிட்டது. டிக்கெட் போட்டாச்சு. வெள்ளிக்கிழமை விடிகாலை சென்னையில் விமானம்.

“அடுத்த வாரம் போட முடியாதாங்க?” என்று கேட்டிருக்கிறாள் அக்கா.

“இந்த பேட்ச்சோட போனாத்தான் சிஸ்டர். அடுத்த பேட்ச் எப்பன்னு எங்களுக்கே தெரியாது. ரூல்ஸ் வேற மாறிட்டே இருக்கு.”

இதில் என்ன சிக்கல் என்கிறீர்களா? அன்றைக்குச் சாயங்காலம்தான் ஊரில் காப்புக் கட்டு.

எங்கள் பக்கம் அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. காப்புக் கட்டும்போது ஊருக்குள் இருக்கிற யாரும், அடுத்த செவ்வாய் காப்பு அவிழ்க்கிற வரை, வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். இருட்டினால் வூடு வந்து சேர வேண்டும். அந்த ஒரு வாரமும் யார் வீட்டிலும் கறி மீன் கிடையாது. எண்ணெய்ச் சட்டி ஏறாது. சாம்பாரில் தாளிப்புக்கூடக் கிடையாது.

ஆக, வெள்ளிக்கிழமை விமானம் ஏற வேண்டியவள், செவ்வாய்க்கிழமை ராத்திரியிலிருந்து ஊரை விட்டு நகரக் கூடாது. இரண்டு வருஷ அலைச்சல் ஒரு மஞ்சள் கயிற்றில் மாட்டிக்கொண்டது.

“நீதான் படிச்சவளாச்சே. கயிறு கட்டினா கட்டட்டும், நீ பாட்டுக்கு கெளம்பு” என்றேன்.

“கரகம் தூக்கறது யாரு? அப்பா. நாளைக்கு அவுருக்கு ஒரு கால் சுளுக்குனாக்கூட ஊரு என்னத்தான் சொல்லும்.” அதோடு விடவில்லை. “நானும் என்னத்தான் சொல்லிக்குவேன்” என்றாள்.

விஷயம் கோயிலுக்குப் போனது. ஊர்க்கவுண்டர் எங்களுக்குப் பெரியப்பா முறை. பந்தல் கால் நட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“ராவு தங்கக் கூடாதுன்றதுதான் கட்டு. அது நம்ப ராவா, அந்த ஊரு ராவா?” — கேட்டது, மினி லாரி ஓட்டுகிற சேகர் மாமா. “நமக்கு நடு ராத்திரின்னா அங்க அப்பத்தான் பொழுதே சாயுதாம். யூடியூப்ல பாத்தேன்.”

“அப்போ அவங்களுக்கு ராவே வராதா?” என்றார் பெரியப்பா.

“வரும் மாமா, லேட்டா வரும்.”

“லேட்டா வந்தாலும் ராவு ராவுதானேடா.”

நான் சும்மா இருப்பேனா? “பெரிப்பா, பிளேன்ல போறதுக்குப் பேரு தங்கறதா? அதான் போய்க்கினே கீதே. தங்கலியே!”

“எறங்கனப்புறம்?”

“எறங்கனப்புறம் நைட் டூட்டி வாங்கிக்கட்டும். ராவெல்லாம் முழிச்சிக்கினு இருந்தா அது எப்படித் தங்கறதாவும்?”

நாலு பேர் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. நான் சொன்னதை உண்மையிலேயே யோசித்துக்கொண்டிருந்தார்! அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது. கிண்டலாகச் சொன்னது சட்டமாகிவிட்டால்?

கடைசியில் பூசாரிதான் வாயைத் திறந்தார். “கட்டும்போது ஊருக்குள்ள இருக்கறவங்களுக்குத்தான் கட்டு. பொண்ணு எல்லையத் தாண்டிட்டா அவ வெளியூரு. தாண்டட்டும். அப்புறம் கட்றேன். பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிடணும்.”

எல்லைக்கல் ஊரிலிருந்து மூன்று வளைவு கீழே. அவள் தாண்டியது இங்கே எப்படித் தெரியும்? கோயில் பக்கம் போன் எடுக்காது. காப்புக் கட்டுகிற நேரத்தில் பாறை மேல் போய் எவன் நிற்பான்? அதற்குத்தான் வெடி. தாண்டியதும் நான் ஒன்று கொளுத்த வேண்டும். சத்தம் கேட்டதும் இங்கே பம்பை அடித்துக் கயிறு கட்டிவிடுவார்கள். நானும் அந்தப் பக்கம் இருப்பதால் எனக்கும் கட்டு இல்லை. வேலூர் ஹாஸ்டலில் மீதிச் சாமானை எடுத்துக்கொண்டு, அக்காவைச் சென்னையில் விமானம் ஏற்றிவிட்டு வரலாம். எவ்வளவு அழகான திட்டம்!

வீட்டில் அம்மா பெட்டியை அடைத்துக்கொண்டிருந்தது. சாமை அரிசி, புளி, மிளகாய்த் தூள், ஒரு டப்பா நிறையக் கடுகு.

“கடுகு அங்கயே கெடைக்கும்மா” என்றாள் அக்கா.

“கெடைக்கும். நம்பளது கெடைக்குமா?”

கிளம்புகிற வரை அம்மா பேசியது அவ்வளவுதான். அப்பா காப்புக் கட்டிக்கொள்ளக் குளித்து ஈர வேட்டியோடு நின்றிருந்தார். தொட்டுப் பேசக்கூட முடியவில்லை. தூர நின்றே தலையை ஆட்டினார். ஒரு மகள் கடல் தாண்டிப் போகிறாள். அதற்கு எங்கள் வீட்டில் நடந்த விழா, ஒரு தலையாட்டல்.

பஸ் ரிப்பேர், மேலேயே நிற்கிறது என்று யாரோ சொன்னார்கள். பைக்கில் கிளம்பினோம். ஒரு பெட்டி என் முன்னால் டேங்கின் மேல். இன்னொரு பெட்டி அக்கா மடியில். நடுவில் நான். தூறல் வேறு.

எல்லைக்கல் வந்ததும் “நிறுத்து” என்றாள். இறங்கினாள். பெட்டிகளை அந்தப் பக்கம் வைத்தாள். அவள் மட்டும் இந்தப் பக்கம் நின்றாள்.

“இன்னாக்கா? தாண்டு. ஊரே நின்னுக்கினு கீது.”

“இருடா.”

“பொம்மைகிட்ட இன்னா கேக்கறதுன்னு மறந்துட்டியா? எங்க வலிக்குதுன்னு கேளு.”

வழக்கமாக மண்டையில் ஒரு கொட்டு விழும். விழவில்லை. அவள் ஊர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கிருந்து பார்த்தால் ஊர் தெரியாது. வளைவும் மரமும்தான் தெரியும். அதைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தாண்டினாள்.

நான் வெடியை எடுத்தேன். திரி ஈரம். ஊதினேன். தேய்த்தேன். கொளுத்தினேன்.

புஸ்.

மறுபடி கொளுத்தினேன். கொஞ்சம் புகை வந்தது. அவ்வளவுதான். ஒரு வெடியை நம்பிக் கொடுத்தனுப்பிய ஊரை என்ன சொல்ல? இன்னொன்று சேர்த்துக் கேட்காத என்னை என்ன சொல்ல?

எல்லைக்கல் பக்கம் டவர் நன்றாகவே கிடைக்கிறது. யாருக்குப் போடுவது? ஊரில் எல்லார் கையிலும் டார்ச் லைட்! ஹாரன் அடித்துப் பார்த்தேன். ‘டேய்’ என்று கத்திப் பார்த்தேன். மலைதான் ‘டேய்’ என்றது.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சத்தம் கேட்காமல் பூசாரி கட்ட மாட்டார். கட்டவில்லை என்றால் திருவிழா இல்லை. நான் திரும்பிப் போய்ச் சொல்லலாம். ஆனால் போனால் நான் ஊருக்குள். கயிறு கட்டியதும் எனக்கும் கட்டு. சென்னைக்கு அக்கா தனியாகத்தான் போக வேண்டும்.

என்ன செய்வது என்று நான் முழித்துக்கொண்டிருந்தேன். அக்கா எனக்கு முன்னாலேயே கணக்குப் போட்டு முடித்துவிட்டாள்.

“போடா. போய்ச் சொல்லு.”

“நீ?”

“அங்க எறங்கனா எனக்கு யாருடா கீறா? சென்னை வரைக்கும் போவ மாட்டனா?”

“சரி, சொல்ட்டு உடனே வர்றேன். போளூர் வரைக்குமாவது விடறேன். இங்கயே இரு. நகராத!”

“நகர மாட்டேன், போ.”

பறந்தேன். கோயில் முன்னால் பைக்கைப் போட்டுவிட்டு “தாண்டிட்டா, தாண்டிட்டா!” என்று கத்தினேன். “வெடி இன்னாடா ஆச்சு?” என்றார் பெரியப்பா. பதில் சொல்வதற்குள் பம்பை முழங்கிவிட்டது. பூசாரி கயிற்றைக் கட்டினார். அம்மா கூட்டத்தில் நின்று என்னையே பார்த்தது. நான் இங்கே இருந்தால் அக்கா தனியாக இருக்கிறாள் என்று அர்த்தம். அது மட்டும் அம்மாவுக்கு யாரும் சொல்லாமலே புரிந்தது. “போடா” என்றது.

திரும்பிப் பறந்தேன்.

எல்லைக்கல் இருந்தது. என் நனைந்த வெடி இருந்தது. பெட்டிகள் இல்லை. அக்கா இல்லை. போன் ஒரு தடவை சிணுங்கியது. ‘பஸ் வந்துடுச்சி. ஏறிட்டேன். பாத்து ஓட்டு.’

எங்கள் ஊர் பஸ் எந்த நாளாவது நேரத்துக்கு வந்திருக்கிறதா? ரிப்பேரானால் அன்றைக்கே சரியானதுண்டா? அன்றைக்குச் சரியானது. வேகமாகவும் வந்தது. நான் கோயில் முன்னால் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் ஊரைத் தாண்டி இறங்கியிருக்கிறது. அக்காவுக்கு நான் டாட்டா காட்டவில்லை. கிண்டலாகச் சொல்ல ஒன்று யோசித்து வைத்திருந்தேன், அதையும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாறை மேல் ஏறினேன். அக்கா வீடியோவில் வந்தாள். நல்லபடியாகச் சேர்ந்தாச்சு. ஏர்போர்ட்டுக்கே வண்டி வந்ததாம். நாலு நர்சுகள் சேர்ந்து ஒரு வீடு. மற்ற மூன்று பேரும் கேரளா. பின்னால் யாரோ மீன் வறுக்கிற சத்தம் கேட்டது.

“ஜமாய்க்கிற போல! மீனா?”

“நான் சாப்படலடா. சாம்பார் வெச்சேன். தாளிக்கல.”

எனக்குத் தலை சுற்றியது. “உனக்குத்தான் காப்பே இல்லியே! நீ தாண்டனப்புறந்தானே கட்டனாங்க? அதுக்குத்தானே அவ்ளோ கூத்து?”

“தெரியும்.”

“அப்புறம் இன்னாத்துக்கு?”

“தெரியலடா” என்றாள்.

இவள் போய் அந்தப் பொம்மைப் பரீட்சையில் என்ன பதில் சொல்லப் போகிறாளோ! ஆனால் எனக்கும் இதற்குப் பதில் தெரியவில்லை. எல்லை எங்கே இருக்கிறது என்று ஊருக்கு ஒரு கல் சொல்கிறது, விசாவுக்கு ஒரு முத்திரை சொல்கிறது. சாம்பாருக்கு யார் சொல்வது?

அடுத்த செவ்வாய் அப்பா கரகம் தூக்கினார். கால் சுளுக்கவில்லை. காப்பு அவிழ்த்ததும் முதல் வேலையாகப் பாறைக்கு ஓடிப் போன் போட்டேன்.

“அக்கா, அவுத்தாச்சு!”

“இரு” என்று போனை எங்கேயோ வைத்தாள். ஒரு டப்பா திறக்கிற சத்தம். எண்ணெய் காய்கிற வரை போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றேன். அப்புறம் அங்கே, இங்கிலாந்தில், எங்கள் வீட்டுக் கடுகு படபடவென்று வெடித்தது.

ஊர் கொடுத்த வெடியை விட நல்ல சரக்கு!